அப்டேட் போட்டதுல இருந்து வைஃபை மக்கர் பண்ணுதா? போனை அழிக்காம சரி பண்ற வழி

போன்ல அப்டேட் வந்துச்சு, போட்டுட்டீங்க, ரீஸ்டார்ட் ஆகி வந்ததுல இருந்து வைஃபை கனெக்ட் ஆகவே மாட்டேங்குது, இல்லன்னா கனெக்ட் ஆகுது ஆனா நெட் வரல, இல்லன்னா நல்லா ஓடிக்கிட்டே இருந்து திடீர் திடீர்னு அத்துக்கிட்டு போகுது. இதுல எதுவா இருந்தாலும் மொதல்ல ஃபேக்டரி ரீசெட் (போன்ல இருக்குற எல்லாத்தையும் அழிக்கிறது) பக்கம் மட்டும் போயிராதீங்க. மதுரை டவுன்ஹால் ரோட்டு போன் கடைகளுக்கு தூக்கிக்கிட்டு ஓடவும் வேணாம். நல்லா பாத்து குடுக்குற கடைக்காரங்க நிறைய பேரு இருக்காங்க, ஆனா கூட்டமா இருக்குற நேரத்துல "சாஃப்ட்வேர் போட்ருவோம்ணே"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க, போட்டோ, சாட், நோட்ஸ் பூராம் போயிரும், வீட்டுக்கு வந்து பாத்தா கோளாறு ரூட்டர்ல இருந்திருக்கும். அழிஞ்சது அழிஞ்சதுதான.

அப்டேட்ல ஏன் இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பயம் பாதி போயிரும். வைஃபை சிப்பு, சிம் சிக்னல் புடிக்கிற மோடம் ரெண்டுக்கும் உள்ள தனித்தனி ஃபர்ம்வேர், அதாவது அந்த சிப்பை ஓட்டுற சாஃப்ட்வேர் இருக்கு, பெரிய அப்டேட் வரும்போது அதுவும் சேந்து மாறும். கூடவே பாதுகாப்பு விதிகளும் கொஞ்சம் இறுகும், போன வருசம் வரைக்கும் சரின்னு ஏத்துக்கிட்ட ஒரு செட்டிங்கை இப்ப ஏத்துக்காது. ஆனா உங்க வீட்டு வைஃபை பத்தி போன் சேமிச்சு வச்சிருக்குற விவரம் பழசு, ரூட்டரும் பழசு. புது விதியும் பழைய விவரமும் ஒத்துப்போகாம நிக்குறதுதான் முக்கால்வாசி கேஸ். அதனாலதான் எதையும் அழிக்காமலே நிறைய சரியாகிருது.

கோளாறு எங்கிட்டு இருக்குன்னு மொதல்ல பாருங்க

இதை செய்யாம செட்டிங்ஸுக்குள்ள போயி கண்டதை மாத்தாதீங்க. ரெண்டு சோதனை போதும். வீட்ல இன்னொரு போன் இருக்கும்ல, அதை அதே வைஃபைல போட்டு ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்க. அப்பறம் அந்த போன்ல வைஃபையை அமத்திட்டு மொபைல் டேட்டாவுல ஹாட்ஸ்பாட் போட்டு, உங்க போனை அதுல கனெக்ட் பண்ணுங்க. அடுத்த போனும் வைஃபைல ஓடலன்னா கோளாறு ரூட்டர்லயோ லைன்லயோதான், உங்க அப்டேட் மேல பழியே இல்ல. அடுத்த போன் ஓடுது, உங்க போன் ஹாட்ஸ்பாட்லயும் ஓடலன்னா போனுக்குள்ளதான் பாக்கணும். ஹாட்ஸ்பாட்ல ஜம்முனு ஓடுது வீட்டு வைஃபைல மட்டும் ஓடலன்னா ரெண்டுக்கும் நடுவுல இருக்குற ஒப்பந்தத்துல தகராறு, அதான் அப்டேட்டுக்கு அப்பறம் அதிகமா வர்றது.

ஃபைபர் லைன்னா அந்த டப்பாவுல எல்ஓஎஸ்னு ஒரு லைட்டு இருக்கும், அது செவப்பா எரிஞ்சா கண்ணாடி இழைல வெளிச்சமே வரல, கேபிள் அந்து போயிருக்கலாம், கம்பெனிக்கு போன் போட்டு சொல்றதை தவிர நீங்க செய்ய ஒண்ணும் இல்ல. கரண்டு வாரியம் மாசாந்திர பராமரிப்புன்னு பகல் பூரா கரண்டை நிறுத்துற நாள்லயும் கவனிச்சுக்கங்க, உங்க வீட்டு ரூட்டருக்கு யூபிஎஸ் இருந்தாலும் தெரு முக்குல இருக்குற அவங்க பெட்டிக்கு பேட்டரி தீந்திருக்கலாம். மொபைல் டேட்டாவும் அப்படித்தான், சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கம் நின்னுக்கிட்டு நெட் வரலன்னா அது கூட்டத்துனால டவர் நெறஞ்சு போனது, அப்டேட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. கூட்டம் இல்லாத இடத்துல வச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

போன்தான்னு தெரிஞ்சிருச்சுன்னா

ரூட்டரோட கரண்டை நிறுத்தி ஒரு அரை நிமிசம் கழிச்சு போடுங்க, லைட்டு எல்லாம் நிலையா வந்ததுக்கு அப்பறம் போனை ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்டேட் முடிஞ்ச ஒடனே போன் உள்ளுக்குள்ள ஆப்ஸ் எல்லாத்தையும் திரும்ப சீர் பண்ணிக்கிட்டு இருக்கும், சூடாகும், மெதுவா இருக்கும், அந்த நேரத்துல நெட் திக்குறதை வச்சு போனு போச்சுன்னு நெனைக்காம சார்ஜ்ல போட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாக்கலாம். பிளே ஸ்டோர்ல காத்துக்கிட்டு இருக்குற ஆப் அப்டேட் எல்லாம் போட்ருங்க. தேதி, நேரம் ஆட்டோமேட்டிக்ல இருக்கான்னும் பாருங்க, தேதி தப்பா இருந்தா பாதுகாப்பு சர்டிபிகேட் எதுவும் செல்லாது, வைஃபை ஃபுல் சிக்னல் காட்டும், ஒரு பக்கம் கூட தொறக்காது.

இதுக்கு மேலயும் சரியாகலன்னா வைஃபை பேருக்கு கீழ போன் என்ன எழுதிருக்குன்னு நிதானமா படிங்க, நெறைய பேர் அதை பாக்குறதே இல்ல. "அத்தென்டிகேஷன்" பிரச்சனைன்னு வந்தா பாஸ்வேர்டு இல்லன்னா செக்யூரிட்டி வகை ஒத்துக்கலன்னு அர்த்தம். "ஐபி அட்ரஸ் வாங்குகிறது"ன்னே சுத்திக்கிட்டு இருந்தா ரூட்டர் போனுக்கு ஒரு நம்பர் ஒதுக்கி குடுக்கல, ரூட்டரை ரீஸ்டார்ட் பண்ணா பெரும்பாலும் சரியாகும், இல்லன்னா அந்த வைஃபையோட செட்டிங்ல ஐபி "ஸ்டாட்டிக்"னு (கையால போட்ட நம்பர்) இருக்கான்னு பாத்து "டிஎச்சிபி"க்கு (ரூட்டரே நம்பர் குடுக்குறது) மாத்துங்க. "கனெக்டட், நோ இன்டர்நெட்"னு வந்தா ரூட்டர் வரைக்கும் போன் போயிருச்சு, அதுக்கு அங்கிட்டு போக முடியல. அப்ப பாக்க வேண்டியது டிஎன்எஸ்ஸும் (வெப்சைட் பேரை ஐபி நம்பரா மாத்திக் குடுக்குறது) விபிஎன்னும் (நம்ம நெட்டை வேற ஒரு சர்வர் வழியா சுத்தி அனுப்புறது).

செல்லூர்ல எங்க மதினி வீட்ல தையல் மிஷின் வச்சிருக்காங்க, ஆர்டர் பூராம் வாட்ஸ்அப்லதான் வரும். அப்டேட் போட்ட மறுநாள் "தம்பி, வைஃபை கோடு பூராம் காட்டுது, ஒரு மெசேஜும் வரமாட்டேங்குது, அளவு ப்ளவுஸ் போட்டோ அனுப்பிட்டேன்ங்குறாங்க எனக்கு வரவே இல்ல"ன்னாங்க. போயி பாத்தா வைஃபை கோட்டு பக்கத்துல குட்டியா ஒரு ஆச்சரியக்குறி. பையன் போன் அதே வைஃபைல ஓடுது, மதினி போன் அவன் ஹாட்ஸ்பாட்லயும் ஓடல, ஆக போனுக்குள்ளதான். செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ்னு ஒண்ணு இருக்கும், ஆண்ட்ராய்டு 9ல இருந்து இருக்கு, அதுல விளம்பரம் வராம இருக்கன்னு பையன் எப்பவோ ஒரு சர்வர் பேரு போட்டு வச்சிருக்கான். அப்படி பேரு போட்டு வச்சா போன் அந்த ஒரு சர்வரைத்தான் கேக்கும், அது பதில் சொல்லலன்னா வேற வழியில போகாது. அதை "ஆட்டோமேட்டிக்"குக்கு மாத்துனதும் ஆச்சரியக்குறி மறைஞ்சுச்சு, வாட்ஸ்அப் பொத பொதன்னு வந்து விழுந்துச்சு, மதினி மொதல்ல தொறந்து பாத்தது அந்த ப்ளவுஸ் போட்டோவைத்தான்.

விபிஎன்னும் இதே மாதிரிதான். விபிஎன் செட்டிங்ல "ஆல்வேஸ் ஆன்"னும் "விபிஎன் இல்லாம கனெக்ஷனை தடு"ன்னும் ரெண்டு சுவிட்ச் இருக்கும், ரெண்டும் ஆன்ல இருந்து அந்த ஆப் புது வெர்ஷன்ல வேலை செய்யாம போச்சுன்னா மொத்த நெட்டும் நின்னுரும். விளம்பரம் தடுக்குற சில ஆப், ஆன்டிவைரஸ் ஆப் கூட விபிஎன் மாதிரிதான் உள்ள ஓடும், அதையும் நிறுத்திப் பாருங்க. ஐபோன்காரங்க செட்டிங்ஸ்ல விபிஎன், ஐகிளவுட் பிரைவேட் ரிலே ரெண்டையும் சித்த நேரம் அமத்தி வச்சு பாக்கலாம். மதுரை ஜங்ஷன்ல ரயில்வயர் வைஃபைல ஓடிபி கேக்குற பக்கம் வரவே மாட்டேங்குதுன்னு சொல்றவங்களும் மொதல்ல விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ், ஐபோன்னா பிரைவேட் ரிலே இதுகளை அமத்திட்டு பாருங்க.

ஃபர்கெட் பண்ணி திரும்ப சேக்குறது

சேமிச்ச பழைய விவரத்தை தூக்கிட்டு புதுசா சேக்குறதுதான் அப்டேட்டுக்கு அப்பறம் அதிகமா பலன் குடுக்குறது. ஆனா ஃபர்கெட் அமுக்குறதுக்கு முன்னாடி பாஸ்வேர்டு கையில இருக்கான்னு பாத்துக்கங்க. ரூட்டர் அடியில ஸ்டிக்கர்ல இருக்கும், மாத்திருந்தா ஏற்கனவே கனெக்ட் ஆகியிருக்குற வேற போன்ல ஷேர் அமுக்கி க்யூஆர் கோடு எடுக்கலாம், ஆண்ட்ராய்டு 10ல இருந்து அந்த வசதி இருக்கு.

இதுல ஒரு கண்ணி இருக்கு. வைஃபைல ஒவ்வொரு போனுக்கும் மேக் அட்ரஸ்னு ஒரு அடையாள நம்பர் உண்டு. ஆண்ட்ராய்டு 10ல இருந்து புதுசா சேக்குற ஒவ்வொரு வைஃபைக்கும் போன் தன்னோட நிஜ நம்பரை காட்டாம வேற ஒரு ரேண்டம் நம்பரை காட்டும், ஐபோன்ல 2020ல வந்த ஐஓஎஸ் 14ல இருந்து "பிரைவேட் அட்ரஸ்"னு இதே வசதி. நம்மளை யாரும் பின்தொடர முடியாம இருக்கன்னு செஞ்சது, நல்ல விஷயம்தான். ஆனா ஹாஸ்டல், ஆபீஸ், சில கடைகள்ல எந்தெந்த போன் உள்ள வரலாம்னு மேக் நம்பரை பதிவு பண்ணி வச்சிருப்பாங்க, நம்ம ஃபர்கெட் பண்ணி திரும்ப சேந்தா நம்பர் சிலசமயம் மாறிரலாம், அப்ப பாஸ்வேர்டு சரியா இருந்தும் உள்ள விடாது. அந்த வைஃபையோட செட்டிங்ல பிரைவசின்னு இருக்குறதுல "டிவைஸ் மேக்" தேர்ந்தெடுங்க, ஐபோன்ல பிரைவேட் வைஃபை அட்ரஸை ஆஃப் பண்ணுங்க. வீட்டு வைஃபைக்கும் ஆபீஸ் வைஃபைக்கும் மட்டும் இப்படி வைங்க, பஸ் ஸ்டாண்டு, ஹோட்டல் மாதிரி பொது வைஃபைக்கு ரேண்டமாவே இருக்கட்டும்.

காலேஜ் வைஃபைல யூசர் நேமும் பாஸ்வேர்டும் ரெண்டும் கேக்குற வகையா இருந்தா அது தனி கதை. முன்னாடி, வைஃபை நிஜமா காலேஜோடதான்னு சரிபாக்குற சிஏ சர்டிபிகேட்ங்குற எடத்துல "டூ நாட் வேலிடேட்"னு போட்டு சேந்துக்கிட்டு இருந்தோம். ஆண்ட்ராய்டு 11 காலத்துல அந்த வழியை எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, ஏன்னா காலேஜ் வைஃபை பேருலயே ஒருத்தன் போலியா வைஃபை வச்சா நம்ம பாஸ்வேர்டு அவன்கிட்ட போயிரும். இப்ப "யூஸ் சிஸ்டம் சர்டிபிகேட்ஸ்"னு போட்டு கீழ டொமைன் பேரு கேக்கும், அதை குத்துமதிப்பா போடாதீங்க, காலேஜ் கம்ப்யூட்டர் லேப்ல நெட்வொர்க் பாக்குறவங்ககிட்ட கேட்டா சொல்லுவாங்க. புது போன்கள்ல "ட்ரஸ்ட் ஆன் ஃபர்ஸ்ட் யூஸ்"னும் ஒரு வழி இருக்கு, அதை காலேஜுக்குள்ள நின்னு மட்டும் செய்யுங்க.

ரூட்டர் பக்கம்

பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சா பெரும்பாலான ரூட்டரோட பக்கம் வரும், ஜியோ ஃபைபர்னா 192.168.29.1. உள்ள போகுற பாஸ்வேர்டும் ஸ்டிக்கர்லதான் இருக்கும். வைஃபை செக்யூரிட்டின்னு, அதாவது வைஃபையை பூட்டி வைக்கிற முறைன்னு இருக்குற எடத்துல என்ன போட்ருக்குன்னு பாருங்க. பழைய டபிள்யூஇபி, இல்ல டிகேஐபின்னு இருந்தா புது போன்க மூஞ்சிய சுழிக்கும், "வீக் செக்யூரிட்டி"ன்னு எச்சரிக்கும், சிலது சேரவே சேராது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் போடுங்க. டபிள்யூபிஏ2ம் டபிள்யூபிஏ3ம் கலந்து போட்ருந்தா சில போன் எதுல சேரணும்னு முழிச்சு அத்துக்கிட்டே இருக்கும், அப்ப டபிள்யூபிஏ2 மட்டும் வச்சு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. ரூட்டருக்கும் ஃபர்ம்வேர் அப்டேட் உண்டு, அந்த பக்கத்துலயே இருக்கும், அதையும் போடுங்க.

ரூட்டர்ல ரெண்டு வைஃபை பேரு வருதுல்ல, ஒண்ணு சாதா பேரு இன்னொண்ணு பின்னாடி 5ஜின்னு போட்டது, அந்த 5ஜி மொபைல் 5ஜி இல்ல, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அது வேகம் ஜாஸ்தி, ஆனா சுவரைத் தாண்டி போக தெம்பு கம்மி. இன்னொண்ணு 2.4 ஜிகாஹெர்ட்ஸ், வேகம் கொறைவு, தூரம் போகும். மாசி வீதி பக்கம் பழைய வீடுகள்ல முன் ரூம்ல ரூட்டர் இருக்கும், நடுவுல கனமான சுவரு, பின்கட்டுல ஒக்காந்து 5 ஜிகாஹெர்ட்ஸ்ல சேந்தா அத்துக்கிட்டுதான் போகும். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருந்தா அப்டேட்டுக்கு அப்பறம் போன் எதை புடிக்கும்னு சொல்ல முடியாது, பேரை பிரிச்சு வச்சு எங்க ஒக்காருறீங்களோ அதுக்கு ஏத்ததை தேர்ந்தெடுங்க. அப்பார்ட்மென்ட்ல சுத்தி பத்து வீட்டு வைஃபை தெரிஞ்சா 2.4ல சேனல் 1, 6, 11 இந்த மூணுல ஒண்ணை மாத்தி மாத்தி வச்சு பாருங்க, இந்த மூணும்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது.

வைஃபை நல்லா இருக்கும்போதே போன் தானா மொபைல் டேட்டாவுக்கு தாவுதுன்னா சாம்சங்ல இன்டெலிஜென்ட் வைஃபைக்குள்ள மொபைல் டேட்டாவுக்கு மாறுற சுவிட்ச், ஐபோன்ல வைஃபை அசிஸ்ட், இதுக அப்டேட்ல ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க.

சிம் நெட் வரலன்னா

ஏரோப்ளேன் மோடு போட்டு எடுங்க, சிம்மை வெளிய எடுத்து தொடச்சு போடுங்க, ரெண்டு சிம் இருந்தா டேட்டா எந்த சிம்முக்குன்னு அப்டேட்ல மாறியிருக்கான்னு பாருங்க. அப்பறம் ஏபிஎன், அதாவது சிம் கம்பெனி நெட்டுக்குள்ள போன் போற வாசலோட பேரு, அதையும் பாருங்க. ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்துல, நடுவுல எடம் விடாம. அங்க கண்டபடி இருந்தா மேல மூணு புள்ளிய தொட்டு "ரீசெட் டு டீஃபால்ட்" குடுத்தா தானே சரியானது வந்துரும்.

உசிலம்பட்டி, மேலூர் தாண்டி உள் கிராமங்கள்ல 5ஜி அரைகுறையா புடிக்கிற எடத்துல போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் அங்கிட்டும் இங்கிட்டும் தாவிக்கிட்டே இருக்கும், பேட்டரியும் போகும் நெட்டும் நிக்கும். ப்ரிஃபர்டு நெட்வொர்க்ல 4ஜின்னு வச்சுப்பாருங்க, நின்னுருச்சுன்னா அந்த ஊர்ல இருக்குற வரைக்கும் அப்படியே வைங்க. ஜியோ சிம்முக்கு 3ஜி, 2ஜி மட்டும்னு வச்சிராதீங்க, ஜியோவுக்கு அது ரெண்டும் கெடையவே கெடையாது, சிக்னல் மொத்தமா போயிரும்.

ப்ளூடூத் இயர்போன், வண்டி செட்டு எதுவும் சேரலன்னா போன்ல மட்டும் அழிச்சா பத்தாது, அந்த பக்கமும் அழிக்கணும், வண்டி செட்டுல பழைய போன் லிஸ்ட்ல இருந்து உங்க போனை எடுத்துட்டு புதுசா ஜோடி சேருங்க. பாட்டு விட்டு விட்டு வந்தா ப்ளூடூத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்லதான் ஓடுது, வைஃபையை 5க்கு மாத்துங்க. உங்க போன் ஹாட்ஸ்பாட்டு பழைய லேப்டாப்புக்கு தெரியலன்னா ஹாட்ஸ்பாட் செட்டிங்ல 2.4க்கும் டபிள்யூபிஏ2க்கும் மாத்துங்க, ஐபோன்ல "மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" ஆன் பண்ணுங்க.

நெட்வொர்க் ரீசெட்டும் அதுக்கு மேலயும்

மேல சொன்னது எதுக்கும் மசியலன்னா நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட். போட்டோ, ஆப், காண்டாக்ட் எதுவும் போகாது. சேமிச்ச வைஃபை பாஸ்வேர்டு, ப்ளூடூத் ஜோடி, கையால போட்ட ஏபிஎன் இதுக மட்டும் போகும், ஐபோன்ல விபிஎன் விவரமும் சேந்து போகும், அதனால தேவையானதை ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. சாதா ஆண்ட்ராய்டுல சிஸ்டம், அதுக்குள்ள ரீசெட் ஆப்ஷன்ஸ். சாம்சங்ல ஜெனரல் மேனேஜ்மென்ட், ரீசெட். ஐபோன்ல ஜெனரல், டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட், அதுக்குள்ள ரீசெட். இதே பக்கத்துலதான் எல்லாத்தையும் அழிக்கிறதும் இருக்கு, பேரை ரெண்டு தடவை படிச்சுட்டு அமுக்குங்க. அம்மா, அப்பத்தா போன்னா நீங்க பக்கத்துல இருக்கும்போது செய்யுங்க, போன்ல வழி சொல்லி செய்ய விடாதீங்க.

அதுக்கும் சரியாகலன்னா சேஃப் மோடு, அதாவது நீங்க போட்ட ஆப் எதுவும் ஓடாம போனை ஆன் பண்றது. பவர் ஆஃப் பட்டனை திரையில அமுக்கிப் புடிச்சா பெரும்பாலான ஆண்ட்ராய்டுல கேக்கும். சேஃப் மோடுல வைஃபை நல்லா ஓடுச்சுன்னா நீங்க போட்ட ஏதோ ஒரு ஆப்தான் காரணம், கடைசியா போட்டதுல இருந்து ஒண்ணொண்ணா தூக்குங்க. ரெக்கவரிங்குற தனி மெனுவுல போயி கேஷ் பார்ட்டிஷன் (தற்காலிக ஃபைல் இருக்குற எடம்) துடைக்கிறதை நான் எல்லாருக்கும் சொல்ல மாட்டேன், எல்லா போன்லயும் அது கெடையாது, இருக்குற போன்லயும் டேட்டாவை முழுசா அழிக்கிற வரி கிட்டத்துலயே இருக்கும், விரலு ஒரு வரி தவறுனா போச்சு. பழைய வெர்ஷனுக்கு திரும்புறதும் வேணாம், ஆண்ட்ராய்டுல அதுக்காக பூட்லோடர்ங்குற பூட்டை தொறந்தா டேட்டா அழியும், ஐபோன்ல பழைய வெர்ஷனை ஆப்பிள் சீக்கிரமே மூடிரும். சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்துல போயி பாருங்க, பெரிய அப்டேட்டுக்கு பின்னாடியே சின்னதா ஒண்ணு இந்த மாதிரி கோளாறை சரி பண்ண வரும்.

வைஃபை சுவிட்சே மங்கலா இருக்கு, அமுக்கவே முடியல, அபவுட் போன்ல வைஃபை மேக் அட்ரஸ் எடத்துல 02:00:00:00:00:00ன்னு இருக்கு இல்ல ஒண்ணுமே இல்லன்னா போனால அந்த சிப்பையே பாக்க முடியல. *#06# அடிச்சு ஐஎம்இஐ (போனோட அடையாள நம்பர்) வரலன்னா, அபவுட் போன்ல பேஸ்பேண்டு (மோடம் சாஃப்ட்வேர்) "அன்னோன்"னு இருந்தா கோளாறு மோடம் பக்கம். நெட்வொர்க் ரீசெட்டுக்கும் இது திரும்பி வரலன்னா செட்டிங்ஸ்ல இனிமே தேடாதீங்க. அப்டேட் நேரத்து சூட்டுல ஏற்கனவே நோஞ்சானா இருந்த சால்டரிங் விட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு. வாரண்டி இருந்தா கம்பெனி சர்வீஸ் சென்டர்தான், வெளிய தொறந்துட்டா வாரண்டி கேக்க முடியாது. போறதுக்கு முன்னாடி போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப் எடுத்துருங்க, நெட் இல்லன்னா கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணுங்க. சிம்மையும் மெமரி கார்டையும் கழட்டிட்டு குடுங்க. ஜாப் ஷீட்ல "அப்டேட் போட்ட பிறகு வைஃபை ஆன் ஆகவில்லை"ன்னு தேதியோட எழுதச் சொல்லி வாங்குங்க, வெறும் "வைஃபை ப்ராப்ளம்"னு எழுதுனா ஒத்துக்காதீங்க. வாரண்டி இருந்தும் காசு கேட்டு இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அந்த ஜாப் ஷீட்டை கையில வச்சுக்கிட்டு கூப்பிடுங்க.